ஐம்பது லட்சம் ஆண்டு ஓய்வு

கடலுக்கு அடியில் ஒரு பீடபூமி இருக்கிறது. பரப்பில் நடுத்தரமான ஒரு நாட்டின் அளவு. அதற்குக் கொடி கிடையாது, அமைச்சரவை கிடையாது. ஆகவே பன்னிரண்டு கோடி ஆண்டுகளாக ஒரு சண்டை சச்சரவும் இல்லாமல் கிடக்கிறது. இது ஒரு முறை எரிமலைக் குழம்பாகப் பொங்கியது, பிறகு ஐம்பது லட்சம் ஆண்டு ஓய்வெடுத்தது, பிறகு மறுபடியும் பொங்கியது என்று கல்லூரிப் பாடப்புத்தகத்தில் போட்டிருக்கிறது. தேர்வில் இரண்டு மதிப்பெண் கேள்வியாகவும் வந்திருக்கிறது.

அந்த ஓய்வைப் பீடபூமிக்கு வாங்கிக் கொடுத்தவர் ஒரு கல் அறுப்பவர். அவர் பெயர் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஆய்வுக்கூடத்தில் அவரை ரம்பம் என்று கூப்பிடுவார்கள். வைரத்தூள் பதித்த வட்ட ரம்பத்துக்கு முன்னால் முப்பத்தொரு வருடம் நின்றதால் வந்த பெயர். வாயைத் திறந்தால் மூடாத ஆட்களுக்கும் இதே பெயரைத்தான் வைப்போம். இவர் ஒரு நாளைக்கு நாற்பது வார்த்தை பேசினால் அதிகம். அதனாலேயே அந்தப் பெயர் எல்லோருக்கும் பிடித்திருந்தது. அவருக்கும்தான் என்று நினைக்கிறேன். கேட்டால் சிரிப்பார், அதில் வார்த்தை இருக்காது.

வேலை இதுதான். கப்பல் ஒன்று நடுக்கடலில் நின்று, நாலு கிலோமீட்டர் நீளத்துக்குக் குழாயை இறக்கிக் கடல் தரையைத் துளைக்கும். உள்ளே இருக்கும் பாறை டார்ச் லைட் பருமனில் உருளை உருளையாக மேலே வரும். அதற்கு 'கோர்' என்று பெயர். பிளாஸ்டிக் குழாய்களில் அடைத்து, வரிசை எண் ஒட்டி, கரைக்கு அனுப்புவார்கள். ரம்பம் ஒவ்வொரு துண்டாக வெளியே எடுத்து, மேல்பக்கம் எது என்று வெள்ளை மையில் ஓர் அம்பு போட்டு, நீளவாக்கில் இரண்டாக அறுப்பார். ஒரு பாதி ஆராய்ச்சிக்காரர்களுக்கு. இன்னொரு பாதி எதிர்காலத்துக்கு. எதிர்காலத்தின் பாதியை யாரும் தொடக் கூடாது. எதிர்காலமே நேரில் வந்து கேட்டால் எந்தப் படிவத்தை நிரப்ப வேண்டும் என்பதை நிர்வாகம் இன்னும் முடிவு செய்யவில்லை.

அம்புதான் உயிர். துளைக்கும்போது துண்டுகளின் முனைகள் ஒன்றோடொன்று உரசி, தேய்ந்த சோப்பு மாதிரி மழமழவென்று ஆகிவிடும். குழாயிலிருந்து எடுத்த துண்டு ஒரு தடவை கையில் புரண்டால் போதும், எது தலை எது கால் என்று சொல்ல முடியாது. அதனால் சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியிருந்தது: அம்பு போடாத கல்லைக் கீழே வைக்காதே. அப்படியும் புரண்டுவிட்டால் படிவத்தில் ஒரு கட்டம் இருந்தது: 'மேல்பக்கம் தெரியவில்லை.' அதில் ரம்பம் டிக் அடித்தது மொத்தம் பதினேழு தடவை. பதினேழும் கப்பலிலேயே குழம்பி வந்தவை. இவர் கையில் புரண்டது ஒன்றுகூட இல்லை. இந்தக் கணக்கு அவருக்கு மட்டும் தெரியும்.

அவர் மனைவி பள்ளிச் சீருடை தைப்பவர். வீட்டு முன்னறையில் தையல் மிஷின், சுவர் ஓரம் நீலப் பாவாடைகளின் அடுக்கு. கணவர் பேசாத வார்த்தைகளையும் சேர்த்து அவரே பேசிக்கொள்வார்.

"இன்னைக்கு என்ன அறுத்தீங்க?"

"பீடபூமி."

"பாதியா, முழுசா?"

அன்றைக்கு ரம்பம் தன் வாழ்நாளின் மிக நீண்ட பேச்சைப் பேசினார். கூடத்துக்கு வரும் பாறை ஆராய்ச்சி மேடம், அறுக்கும்போது பக்கத்தில் நின்று சொன்னதுதான் அத்தனையும்.

"பூமிக்கு ரொம்ப ஆழத்துல இருந்து சூடான பாறை மெல்ல மேல ஏறி வருமாம். தண்டு ஒல்லியா, தலை பெருசா, காளான் மாதிரி. அந்தத் தலை கடல் தரைக்கு அடியில வந்து முட்டி, பரந்து, உருகிப் பொத்துக்கிட்டு வெளிய கொட்டுமாம். ஒண்ணு மேல ஒண்ணா, அடுக்கடுக்கா. சாதாரணமா கடல் தரை ஏழு கிலோமீட்டர் தடிமன்தான். இது முப்பது."

"அப்போ கடலுக்கு மேலயே தலை தெரியுமே."

"சில இடத்துல தெரிஞ்சிருக்கு. மரம்கூட முளைச்சிருக்காம். அப்புறம் அடியில சூடு அடங்கிடும். ஆறி, சுருங்கி, கொஞ்சம் கொஞ்சமா அமிழ்ந்துரும். மேல சின்னச் சின்ன கடல் உயிரோட ஓடெல்லாம் விழுந்து சுண்ணாம்பா மூடிக்கும்."

"பொங்குறதுக்கு எத்தனை நாளு, அமிழறதுக்கு எத்தனை நாளு?"

"பொங்குறது பத்து இருபது லட்சம் வருஷத்துல முடிஞ்சிரும். அமிழறது கோடிக்கணக்கான வருஷம்."

"உங்க அக்கா கோவம் மாதிரி." நூலைப் பல்லால் கடித்தார். "கடைசியில என்னதான் ஆகும்?"

"கடல் தரை நகர்ந்துக்கிட்டே இருக்கும்ல. ஒரு கண்டத்துக்கிட்ட வந்ததும் மத்த தரையெல்லாம் அதுக்கு அடியில நுழைஞ்சிரும். இது தடிமன், நுழையாது. கரையிலயே முட்டிக்கிட்டு நின்னு ஒட்டிக்கும்."

"வீட்டோட மாப்பிள்ளையா போயிரும்னு சொல்லுங்க."

மனைவிக்கு இதயத்தில் ஒரு வால்வு சரியில்லை என்று தெரிந்தது அதற்கு அடுத்த வருடம். ஒன்பது நாள் மருத்துவமனையில் இருந்தார். வியாழக்கிழமை அறுவை சிகிச்சை என்று குறித்திருந்தார்கள். செவ்வாய்க்கிழமை காலை, "சும்மா என் மூஞ்சியப் பார்த்துக்கிட்டு ஏன் உக்காந்திருக்கீங்க, போய் அந்தப் பீடபூமியை முடிங்க. வியாழக்கிழமைக்கு லீவு போட்டுக்கலாம்" என்று அவர்தான் அனுப்பி வைத்தார். பள்ளி விடுமுறை என்பதால் பன்னிரண்டு வயது மகள் துணைக்கு இருந்தாள்.

போன் மூன்று தடவை அடித்தது. முதல் இரண்டு தடவையும் வட்ட ரம்பம் சுற்றிக்கொண்டிருந்த சத்தத்தில் காதில் விழவில்லை. மூன்றாவது தடவை, ஒரு கல்லை அறுத்து முடித்துவிட்டு அடுத்த துண்டைக் குழாயிலிருந்து கையில் எடுத்திருந்தார். ஒரு சாண் நீளம். மேசை மேல் போன் நடுங்குவதைப் பார்த்துவிட்டு, கல்லை இடது கைக்கு மாற்றிக்கொண்டு எடுத்தார்.

"அப்பா, சீக்கிரம் வாங்க" என்றாள் மகள். வேறு எதுவும் சொல்லவில்லை.

"வர்றேன்" என்றார். கல் நழுவி, அறுக்கும் மிஷினுக்குக் கீழே இருந்த தண்ணீர்த் தொட்டியில் விழுந்து புரண்டது.

அவர் அப்படியே கிளம்பியிருக்கலாம். கட்டத்தில் டிக் அடித்துவிட்டும் கிளம்பியிருக்கலாம். அதற்குப் பத்து விநாடி ஆகும். அவர் கல்லை எடுத்துத் துடைத்தார். இரண்டு முனையையும் பார்த்தார். இரண்டும் சோப்பு. இதுதான் மேல்பக்கம் என்று தோன்றிய முனையை நோக்கி அம்பு போட்டார். பிடிப்பானில் இறுக்கினார், அறுத்தார், இரண்டு பாதியையும் தட்டில் வைத்தார், பதிவேட்டில் எண்ணும் நேரமும் எழுதினார். நான்கு நிமிடம். ஏன் என்று பிற்பாடு தன்னையே பலமுறை கேட்டிருக்கிறார். மருத்துவமனையில் என்ன காத்திருக்கிறது என்பது மகளின் குரலிலேயே தெரிந்துவிட்டது. கல்லின் முன் நிற்கும் வரை அது இன்னும் நடக்கவில்லை. இதை அவர் யாரிடமும் இந்த வார்த்தைகளில் சொன்னதில்லை.

போய்ச் சேர்ந்தபோது போர்வையை முகம் வரை இழுத்து விட்டிருந்தார்கள். "இப்பத்தான் சார், ஒரு அஞ்சு நிமிஷம்" என்றார் நர்ஸ். மருத்துவமனையில் எல்லாமே அஞ்சு நிமிஷம்தான். டாக்டர் வருவதும் அஞ்சு நிமிஷம், மருந்து வருவதும் அஞ்சு நிமிஷம். அது மூன்றாகவும் இருக்கலாம், முப்பதாகவும் இருக்கலாம். ரம்பம் அதை மூன்று என்று எடுத்துக்கொண்டார். நடைவழியில் நின்ற மகளிடம், "பஸ் கிடைக்கலம்மா" என்றார்.

மேடத்தின் கட்டுரை அடுத்த வருடம் வந்தது. எரிமலைக் குழம்பு ஆறும்போது, அப்போது வடக்கு எந்தப் பக்கம் இருந்தது என்பதைத் தன்னிலுள்ள இரும்புத் துகள்களில் பதிவு செய்துகொள்ளும். பூமி எப்போதாவது வடக்கையும் தெற்கையும் மாற்றிக்கொள்ளும் வழக்கமுள்ளது. கட்சித் தாவல் தடைச் சட்டம் அதற்குப் பொருந்தாது. பீடபூமியின் மற்ற கற்களெல்லாம் ஒரு திசையைச் சொல்ல, அடியிலிருந்து வந்த ஒரு கல் மட்டும் நேர் எதிர்த் திசையைச் சொன்னது. அப்படியானால் அது முந்தைய யுகத்துக் கல். நடுவில் ஐம்பது லட்சம் ஆண்டு இடைவெளி. மேடம் நேர்மையானவர், ஒரே ஒரு கல்லை வைத்துச் சொல்கிறோமே என்று தலைப்பில் ஒரு கேள்விக்குறி போட்டார். அந்தக் கேள்விக்குறி கட்டுரையிலிருந்து செய்திக்குப் போகும் வழியில் ஒருமுறையும், செய்தியிலிருந்து பாடப்புத்தகத்துக்குப் போகும் வழியில் நிரந்தரமாகவும் தொலைந்தது.

கல்லின் எண்ணைப் பார்த்ததும் ரம்பத்துக்குத் தெரிந்துவிட்டது. தொட்டியில் விழுந்த அதே கல்.

இதற்கு அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை. அன்றைக்கு அவசரத்தில் போட்ட அம்பு சரியாகத்தான் இருந்திருக்கிறது, இல்லாவிட்டால் இத்தனை பெரியவர்கள் ஏற்றுக்கொண்டிருப்பார்களா என்று எடுத்துக்கொண்டார். அந்த நான்கு நிமிடம் வெறுமனே போகவில்லை. மனைவியின் கையைப் பிடித்துக்கொள்வதற்குப் பதிலாக, உலகத்துக்குத் தெரியாத ஒன்றைத் தெரிய வைத்திருக்கிறது. இது ஒரு மனிதனுக்குப் போதுமா என்றால் போதாது. ஆனால் அவரிடம் வேறு எதுவும் இல்லை. பழைய புத்தகக் கடையில் அந்தப் பாடப்புத்தகத்தை வாங்கி அலமாரியில் வைத்திருந்தார். சில ஞாயிற்றுக்கிழமைகளில் எடுத்து இருநூற்றுப் பதினான்காம் பக்கத்தைப் படிப்பார். பதினோரு வரி.

நான்காவது வருடம், எதிர்காலத்தின் பாதிகளைத் தூசி தட்டும் முறை வந்தது. அதை வருடத்துக்கு ஒருவர் செய்ய வேண்டும், யாரும் செய்ய மாட்டார்கள், அதனால் அவர் செய்வார். அந்தக் கல்லைத் தூக்கித் திருப்பியபோது, தட்டில் மறைந்திருந்த வளைந்த முதுகில் சுண்டுவிரல் நுழையும் அளவுக்கு ஒரு குமிழ் தெரிந்தது. குழம்பு கெட்டியாகும்போது உள்ளே சிக்கிய காற்று விட்டுப்போன குழி. பிற்பாடு அதற்குள் கடல் சேறு இறங்கிப் பாதி வரை படிந்திருந்தது. மீதிப் பாதியை வெள்ளைப் படிகம் நிரப்பியிருந்தது. இரண்டுக்கும் நடுவே தம்ளரில் மோர் நிற்பது போல நேரான ஒரு கோடு.

அம்பை மேலே வைத்துப் பிடித்தார். சேறு கூரையில் இருந்தது. படிகம் தரையில் இருந்தது.

சேறு கூரையில் படியாது. இத்தனை வருட அனுபவம் இதற்குத் தேவையில்லை, பாத்திரம் கழுவியவர்கள் யாருக்கும் தெரியும். அவர் கல்லைத் திருப்பி முதுகு கீழே இருக்கும்படி வைத்தார். தட்டை உள்ளே தள்ளினார். அடுத்த ஏழு வருடமும் தூசி தட்டும் வேலையைத் தானாகவே கேட்டு வாங்கிக்கொண்டார். நிர்வாகம் அவருடைய கடமையுணர்வைப் பாராட்டி ஒரு சுவர்க் கடிகாரம் கொடுத்தது.

அந்த ஏழு வருடத்தில் மேடம் அலைந்து திரிந்து, இன்னொரு கப்பல் பயணத்துக்கு அனுமதி வாங்கினார். அதே பீடபூமியில் நான்கு துளை. ஓய்வு எங்கே தொடங்கி எங்கே முடிந்தது என்று துல்லியமாகப் பார்த்துவிடலாம் என்று. நான்கு துளையிலும் எல்லாக் கல்லும் ஒரே திசையைச் சொன்னது. ஓய்வு அகப்படவில்லை.

திரும்பி வந்து, மழைக்கோட்டைக் கழற்றிக்கொண்டே அறுக்கும் அறைக்கு வந்தார் மேடம்.

"அண்ணா, அந்தப் பழைய தட்டைக் கொஞ்சம் எடுங்க. ஆராய்ச்சிக் கூட்டத்துல ஒருத்தர் என்னைப் பார்த்து, உங்க கல்லு தலைகீழா இருந்திருக்கலாமே, அப்போ திசையையும் தலைகீழாத்தானே காட்டும்னு கேட்டுட்டார்."

ரம்பம் ஈரக் கையைத் துணியில் துடைத்தார். பேசாதது அவருக்கு வழக்கம்தான் என்பதால் மேடமே தொடர்ந்தார்.

"நான் விடுவேனா. அறுத்தது யாரு தெரியுமா, எங்க ரம்பம் அண்ணன், முப்பது வருஷத்துல ஒரு கல்லைத் திருப்பி வச்சதில்ல, வேணும்னா என் பேரைப் பணயம் வைக்கிறேன்னு எழுந்து நின்னு சொன்னேன். மைக்ல. மனுஷன் உக்காந்துட்டாரு."

"உக்காந்திருக்க வேண்டாம்" என்றார் ரம்பம்.

"என்னது?"

அவர் போய்த் தட்டை எடுத்து வந்தார். கல்லைத் திருப்பி, குமிழ் வெளிச்சத்தில் படும்படி மேடத்தின் கையில் கொடுத்தார். மேடம் கழுத்தில் தொங்கிய பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துப் பார்த்தார். ரொம்ப நேரம் தேவைப்படவில்லை. ஆனால் ரொம்ப நேரம் பார்த்தார்.

"அப்போ ஓய்வே கிடையாது" என்றார், கல்லிடம். "ஒரே மூச்சுல பொங்கி, ஒரே மூச்சுல தீர்ந்து போயிருக்கு. மீதிக் காலம் பூரா அமிழறது மட்டும்தான்."

"ஆமா மேடம்."

"இது உங்களுக்கு எப்பத்துல இருந்து தெரியும்?"

"ஏழு வருஷமா."

மேடம் ஸ்டூலில் உட்கார்ந்தார். "ஏழு வருஷம். அந்த ஏழு வருஷத்துல நான் ரெண்டு வருஷம் கடல்ல இருந்தேன். என் புள்ள பத்தாவது பரீட்சை எழுதினப்போ நான் கப்பல்ல வாந்தி எடுத்துக்கிட்டு இருந்தேன். ஒரு வார்த்தை. ஒரே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே அண்ணா. நீங்க பேச மாட்டீங்கன்னு நாங்கல்லாம் சிரிப்போம். இதுக்குமா?"

பதிலாக அவர் அந்தச் செவ்வாய்க்கிழமையைச் சொன்னார். வரிசையாக, பதிவேட்டில் எழுதுவது மாதிரி. போன், தொட்டி, அம்பு, நான்கு நிமிடம், போர்வை. மேடம் குறுக்கிடவில்லை. மன்னிக்கவும் இல்லை, மன்னித்ததாகப் பிற்பாடு சிலர் கதை கட்டினார்கள், அது பொய். அவர் சொன்னது இவ்வளவுதான்: "அந்த நாலு நிமிஷத்துக்கு ஏதாவது அர்த்தம் இருக்கணும்னு நினைச்சிருக்கீங்க."

"ஆமா."

"நானும்தான் நினைச்சேன். இப்போ ரெண்டு பேருக்கும் இல்ல."

திருத்தப் படிவம் எடுத்து நிரப்பினார்கள். பழைய அம்பை அழிக்க விதி அனுமதிக்காது. அதன் குறுக்கே ஒரு கோடு இழுத்து, பக்கத்தில் சரியான அம்பைப் போட்டு, தேதியும் கையெழுத்தும் இட வேண்டும். ரம்பம் கோட்டை இழுத்து, அம்பைப் போட்டார். 'தவறு நேர்ந்த காரணம்' என்ற இடத்தில் விடப்பட்டிருந்தது ஒரே ஒரு வரி. மேடம் 'கவனக்குறைவு' என்று எழுதினார். அது நியாயமான சொல்தான். ரம்பம் படித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்.

திருத்தம் அச்சில் வந்தால் அறுத்த தேதியும் நேரமும் அதில் இருக்கும். மகளுக்கு அந்தத் தேதி தெரியும். அதனால் அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று வீட்டுக்குப் போனார்.

மகளுக்கு இப்போது இருபத்து மூன்று வயது. கண்ணாடிக் கடையில் கண் பரிசோதிக்கும் வேலை. மறுநாளைக்குப் போட வேண்டிய வெள்ளைக் கோட்டுக்கு முன்னறையில் இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தாள். அவர் செருப்பைக்கூடக் கழற்றாமல் நின்றபடியே சொன்னார்.

"அன்னைக்கு பஸ் கிடைச்சுது. உடனே கிடைச்சுது. நான்தான் லேட்டா கிளம்பினேன். கல்லு ஒண்ணு கையில இருந்துச்சு. அதை அறுத்துட்டு வந்தேன். நாலு நிமிஷம். நீ கூப்பிட்ட உடனே வந்திருந்தா அம்மாவைப் பார்த்திருப்பேன்."

இஸ்திரிப் பெட்டி கோட்டின் இடது கையில் மேலும் கீழும் போய் வந்துகொண்டிருந்தது.

"பார்த்திருக்க மாட்டீங்க" என்றாள்.

"ஏம்மா?"

"நான் கூப்பிடும்போதே அம்மா போயாச்சு. எனக்கு அதைச் சொல்ல வாய் வரல. அதான் சீக்கிரம் வாங்கன்னு மட்டும் சொன்னேன்."

"அஞ்சு நிமிஷம்னு நர்ஸ் சொன்னாங்களே."

"அவங்க வர்ற எல்லார்கிட்டயும் அதைத்தான் சொல்லுவாங்க."

ரம்பம் அவள் முகத்தைப் பார்க்க முயன்றார். அவள் தலை குனிந்தே இருந்தாள். சுருக்கம் எப்போதோ போய்விட்ட அதே கையின் மேல் பெட்டி மறுபடியும் மறுபடியும் போனது. பன்னிரண்டு வயதுப் பெண் ஒருத்தி அந்தச் செய்தியைத் தொண்டையில் வைத்துக்கொண்டு தனியாக நடைவழியில் நின்றாளா, அதைப் பதினோரு வருடம் சொல்லாமல் வைத்திருந்தாளா, அல்லது இதோ இந்த நிமிடம், இஸ்திரி போட்டுக்கொண்டே, அவருக்காக இதைச் செய்து கொடுத்தாளா என்று அவருக்குத் தெரியவில்லை.

ஒரு கேள்வி கேட்டால் தெரிந்துவிடும். என்ன கேட்க வேண்டும் என்பதும் அவருக்குத் தெரியும்: அம்மா ஏற்கெனவே போய்விட்டார் என்றால் எதற்காக அத்தனை அவசரமாக மூன்று தடவை கூப்பிட்டாய்.

"கோட்டு தீஞ்சிரப் போகுது" என்றார்.

அவள் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு ஸ்விட்சை அணைத்தாள். இரண்டு பேரும் அது ஆறும் வரை அங்கேயே நின்றார்கள்.